நாக்கில் வைத்த மணல்

என் தங்கை வீட்டு முன்கூடத்தின் கூரையில் இப்போது பதினேழு துருக்கறைகள் இருக்கின்றன. போன வருடம் பொங்கலன்று எண்ணியபோது பதினாறு. ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போவது என் வழக்கம். என் வீட்டு வேலிப் படலையிலிருந்து அவள் வீட்டுப் படலைக்கு நானூற்றுப் பன்னிரண்டு எட்டு வைக்க வேண்டும்; முழங்கால் நோகும் நாளில் நானூற்று நாற்பது வரை போகும். கை கழுவ எழும்பும்போது ஒரு தடவையும், சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாயும்போது இன்னொரு தடவையும் அண்ணாந்து எண்ணிவிடுவேன்.

“அண்ணன் பல்லிக்குக் கணக்குப் பாக்கிறார்” என்று தங்கை சிரிப்பாள்.

பல்லியை எண்ணவில்லை என்று நான் அவளுக்குச் சொன்னதில்லை. முதல் கறை வந்து இருபத்தைந்து வருடமாகிறது.

கொங்கிறீட் கூரையை எங்கள் பக்கத்தில் பிளேட் என்போம். அந்த வீட்டின் பிளேட் நான் நின்று போடுவித்தது. நீளம் இருபதடி, அகலம் பதினாலடி, தடிப்பு ஐந்தங்குலம். அதற்குள் போனவை சீமெந்து இருபத்தொரு பை, மணல் நாற்பத்திரண்டு பெட்டி, முக்கால் அங்குலக் கல் எண்பத்து நான்கு பெட்டி. பெட்டி என்பது ஒரு பை சீமெந்து சரியாகக் கொள்ளும் அளவுக்குப் பலகையில் அடித்த பெட்டி. ஒரு பைக்கு இரண்டு பெட்டி மணல், நான்கு பெட்டி கல் என்று ஒவ்வொரு கலவையையும் நான் சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணினேன். போட்டு முப்பத்து நான்கு வருடமாகியும் அந்தக் கணக்கில் ஒரு பிழை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. பலமுறை தேடியிருக்கிறேன்.

நான் ஒரு பிரதேச சபையில் இருபத்தொன்பது வருடம் தொழினுட்ப உத்தியோகத்தனாக இருந்தவன். மதகு, வடிகான், சந்தைக் கட்டடம், நூல் நிலையம் என்று எத்தனையோ கொங்கிறீட் வேலைகளுக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கொங்கிறீட் என்றதும் ஆட்கள் சீமெந்தைத்தான் பேசுவார்கள். எத்தனை பை, எந்த மார்க், கட்டி பிடித்ததா என்றெல்லாம் கேட்பார்கள். மணலைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அது நிலத்தில் சும்மா கிடக்கிற சாமான் என்று நினைப்பு. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் இருக்கிற வெற்றிடத்தை நிரப்புவது மணல். மணலுக்கும் மணலுக்கும் இடையில் இருக்கிற வெற்றிடத்தைத்தான் சீமெந்து நிரப்புகிறது. பருமணி, நடுமணி, பொடி மூன்றும் கலந்த மணலாக இருந்தால் கலவை இறுகும். ஒரே அளவு மணியாக இருந்தால் எவ்வளவு சீமெந்து போட்டாலும் ஓட்டைதான்.

மணலில் சேறு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடிப் போத்தல் போதும். தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தால் மணல் அடியிலும் சேறு மேலேயும் படியும். உப்புப் பார்க்க அந்த நாளில் எங்களிடம் இருந்த கருவி நாக்கு ஒன்றுதான். ஒரு சிட்டிகை மணலை நாக்கு நுனியில் வைத்து, பத்து எண்ணித் துப்ப வேண்டும். உப்பு மணலில் கட்டிய சுவர் பூத்து உதிரும், அவ்வளவுதான். கம்பி போட்ட பிளேட்டுக்குள் உப்புப் போனால் விஷயம் வேறு. உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கும். வீங்கின கம்பி தனக்குக் கீழே இருக்கிற கொங்கிறீட்டைத் தள்ளி விழுத்தும். அது அடுத்த மாதம் நடக்காது. எட்டு வருடம், பத்து வருடம் பொறுத்திருந்து நடக்கும்.

சபை வேலைகளுக்கு வந்த மணலில் பதினொரு லோட்டை நான் உப்பு என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். வாழைச்சேனைப் பக்கத்து லொறிக்காரர் ஒருவர் மணலைத் திரும்ப ஏற்றும்போது, “ஐயாட நாக்குக்குத் தனியாச் சம்பளம் குடுக்கிறாங்களோ?” என்று கேட்டார். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் அது எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்கு. கலியாணத்துக்கு முன் வீடு எழும்பி நிற்க வேண்டும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். அப்பா இல்லாத வீட்டில் அந்தப் பொறுப்பு மூத்த ஆண்பிள்ளையுடையது. தங்கைக்கு இருபத்தெட்டு வயது, எனக்கு முப்பத்தேழு. எனக்குப் பேசி வைத்திருந்த பெண் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு மூன்று வருடமாகக் காத்திருந்தாள். தங்கையை இறக்கி வைக்காமல் நான் கலியாணம் செய்ய முடியாது. வீடு முடியாமல் தங்கைக்குக் கலியாணம் இல்லை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்: அவசரம் தங்கையுடையது மட்டுமல்ல, என்னுடையதும்தான்.

சுவருக்குப் போனதெல்லாம் படுவான்கரை ஆற்று மணல். வாவிக்கு மேற்கே சூரியன் படுகிற கரை அது. நாங்கள் இருப்பது எழுவான்கரை. மண்டூர்த் துறையில் உழவு மெசினைப் பெட்டியோடு மிதவையில் ஏற்றி இந்தப் பக்கம் கொண்டுவருவார்கள். நல்ல மணல். கையில் அள்ளினால் மூன்று மணியும் தெரியும். சுவர் முடிந்து, பிளேட்டைத் தாங்கப் பலகை அடித்து, கம்பியும் கட்டியாகிவிட்டது. அரை கியூப் மணல் குறைந்தது. ஒரே ஒரு மெசின் பெட்டி. அந்த நேரம் பார்த்துத் துறை பூட்டப்பட்டது. யுத்தம் நடந்த பிரச்சினைக் காலம், எப்போது திறக்கும் என்று கேட்க ஆளும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை.

பலகையை இருபத்தெட்டு நாள் கழற்றக்கூடாது என்பது நான் மற்றவர்களுக்குச் சொல்லுகிற சட்டம். கலியாணம் தைக் கடைசியில். பூச்சு, வெள்ளை, கதவு எல்லாவற்றுக்கும் நாள் ஒதுக்கிப் பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால், பிளேட் போட எனக்கு ஐந்து நாள்தான் மிச்சம் இருந்தது.

அப்போதுதான் ஒருவர் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கோடையில் அள்ளிக் குவித்திருந்த மணல் இருக்கிறது என்றார். வாவி கடலோடு சேர்கிற இடம் அது. கோடையில் அங்கே வாவித் தண்ணீரும் கடல் தண்ணீரும் ஒன்றுதான். நான் ஒரு மெசின் பெட்டி கொண்டுவந்து கொட்டச் சொன்னேன். கொட்டின அன்றைக்கே மாரி மழை தொடங்கி மூன்று நாள் அடித்தது.

நான்காம் நாள் காலை வெயில் எறித்தது. வீட்டைக் கட்டிக்கொண்டிருந்த மேசனும் வந்தார். எனக்கு ஒரு வயது இளையவர். எங்கள் ஊரில் அப்போது அவரைப்போலக் கை சுத்தமான மேசன் இன்னொருவர் இல்லை. அவர் மணல் அள்ளும் சவளைக் குத்தி வைத்துவிட்டுக் குவியலைப் பார்த்தார்.

“ஐயா, இது முகத்துவாரத்து மணல்.”

“மூணு நாள் மழை கழுவியிரிக்கு மேசன்.”

“மழை மேலதான் கழுவும். குவியல்ட வயித்துக்குள்ள போகாது.”

நான் குனிந்து மேலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். பத்து எண்ணினேன். மழைத் தண்ணீரின் சுவைதான் இருந்தது. துப்பிவிட்டு, “உப்பில்ல” என்றேன்.

“பரப்பிப் போட்டு நல்ல தண்ணியால மூணு தரம் அலசித் தாறன். கோயில் கிணத்துல இருந்து பீப்பாவில கொண்டு வருவம். ரெண்டே ரெண்டு நாள்.”

“ரெண்டு நாள் எங்க கிடக்கு? நான் எண்ணித்தான் நாள் வச்சிரிக்கன்.”

“நாளெல்லாம் நல்லா எண்ணுவீங்க ஐயா. இந்த உப்பையும் ஒருக்கா எண்ணிப் பாருங்களன்.”

கலவைக்கு வந்திருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. “நாக்கு என்ட நாக்கு. பொறுப்பு என்ட பொறுப்பு. கலவையைப் போடுங்க” என்றேன்.

அவர் சவளை எடுத்தார். காலை ஏழரைக்குத் தொடங்கி மாலை நாலே முக்காலுக்கு முடித்தார். இருபத்தொரு கலவை. இரும்புத் தாச்சிச் சட்டிகளில் கைமாறி மேலே போனது. ஒரு கலவையிலும் அவர் ஒரு கைப்பிடி குறைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன், கோடு போட்டேன்.

வேலை முடிந்ததும் வெறும் பைகளைத் தட்டி மடித்துக் கட்டிச் சைக்கிளில் வைத்தார். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். வெறும் சீமெந்துப் பை மேசனுக்கு. கடைகளுக்குச் சாமான் சுற்றும் கடதாசியாகக் கொடுப்பார்கள். அதையும் நான் எண்ணினேன். இருபத்தொன்று.

கலியாணம் குறித்த நாளில் நடந்தது. ஆறு மாதம் கழித்து என்னுடையதும்.

ஒன்பதாம் வருடம் கூடத்தின் மூலையில், ரூபாய் நாணயக் குற்றி அளவில், தேயிலைச் சாயம் போல ஒரு கறை தெரிந்தது. மழை ஒழுக்கு என்றார் மச்சான், தங்கையின் கணவர். நானும் ஓம் என்றேன். பதினாலாம் வருடம் ஒரு பத்துமணிப் போல, தங்கை குசினியில் நின்ற நேரம், இரண்டு கை அகலக் கொங்கிறீட் துண்டு அவளுடைய தையல் மெசின் மேல் விழுந்தது. அவள் அந்தத் தையல் கதிரையை விட்டு எழும்பிப் போய் எவ்வளவு நேரம் என்று கேட்டேன். “அரிசி கழுவுற நேரம்” என்றாள். அந்த அளவை நான் இன்னும் நிமிடமாக மாற்றிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு மச்சான் கோபத்தோடு சொன்னார்: “மேசன் சீமெந்துல கை வச்சிட்டான். பை பையாச் சைக்கிள்ள கட்டிக்கொண்டு போனத நானே கண்டன்.”

அவர் கண்டது உண்மை. தன்னை மாப்பிள்ளையாகப் பேசியிருந்த வீடு எப்படி எழும்புகிறது என்று பார்க்க அன்று தெருவால் போனவர், பைக்கட்டோடு போன மேசனைக் கண்டிருக்கிறார். வெறும் பையா நிறைந்த பையா என்று தூரத்திலிருந்து தெரியாது. இருபத்தொரு பை நிறைந்த சீமெந்தைச் சைக்கிளில் ஏற்ற முடியுமா என்று யோசித்திருக்கலாம். கோபத்தில் யார் யோசிக்கிறார்கள்? யோசிக்கத் தேவையில்லாமல் தெரிந்த ஒரே ஆள் நான். “மச்சான், அது வெறும் பை, நான் எண்ணினேன்” என்று சொல்ல ஆறு சொல் வேண்டும். நான் விழுந்த துண்டைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு சிறிய சிப்பியின் வெள்ளை தெரிந்தது. அதைப் பெருவிரலால் மூடிக்கொண்டேன்.

கதை தேநீர்க் கடைக்குப் போனது. அந்த வருடம் கோயில் மடப்பள்ளி கட்டுகிற வேலையை மேசனுக்குக் கொடுப்பதாக இருந்தது, வேறொருவருக்குக் கொடுத்தார்கள். பிறகு மதில்கூட ஒருவரும் கொடுக்கவில்லை. அவர் ஏறாவூரில் கடைகள் கட்டுகிற ஒருவரிடம் நாட்கூலிக்குப் போனார். பத்தொன்பது வருடம் காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வந்தார். சந்தியில் நாங்கள் இரண்டு பேரும் எதிர்ப்பட்டால் அவர் தலை அசைப்பார். நானும் அசைப்பேன்.

இங்கே நிறுத்தி ஒன்றைத் திருத்த வேண்டும். மேலே மணலை நாக்கில் வைத்த இடத்தில் நான் ஒன்றை விட்டுவிட்டேன். இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்ட மாதிரியே எழுதிவிட்டேன். குவியலின் மேல்மணலை மட்டும் பார்த்தேன், ஏமாந்தேன் என்பதுதான் அந்தக் கதை. நடந்தது வேறு. “உப்பில்ல” என்று நான் சொன்னபிறகு மேசன், “உள்ளுக்குக் கையை விட்டுப் பாருங்க ஐயா” என்றார். விட்டேன். முழங்கை வரை விட்டு ஒரு பிடி எடுத்து நாக்கில் வைத்தேன். பத்து எண்ணத் தேவைப்படவில்லை. இரண்டிலேயே தெரிந்தது. சபைக்கு வந்திருந்தால் பன்னிரண்டாவது லோட்டாகத் திரும்பியிருக்கும். அதைத் துப்பாமல் விழுங்கிவிட்டுத்தான், பொறுப்பு என் பொறுப்பு என்றேன். மேசன் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மனைவிக்குக்கூட இதைச் சொல்லவில்லை. அவள் போய் நாலு வருடம்.

இந்த வருடம் பங்குனியில் தங்கையின் ஒரே மகளுக்குக் கலியாணம் பொருந்தியது. என் மருமகளுக்கு இருபத்தெட்டு வயது. தாயின் அதே வயது. மச்சான் ஆறு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள். தாய் கீழே இருக்கட்டும், பிளேட்டுக்கு மேல் இரண்டு அறை எழுப்பினால் பிள்ளைகளுக்குப் போதும், ஆவணியில் கலியாணம் என்றார்கள். வீடு பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் தகப்பன் அண்ணாந்து பார்த்துக் கறையைக் காட்டிக் கேட்டார்.

தங்கை தேநீர்த் தட்டோடு நின்றபடி சொன்னாள்: “அண்ணன் நிண்டு போடுவிச்ச பிளேட். அவர் கவுண்மேந்துக்கே பிளேட் போட்டவர். மேசன்தான் சீமெந்துல கை வச்சிட்டான், இல்லாட்டி இந்தக் கறையும் வந்திராது.”

“அப்ப மேல சுமை தாங்குமோ?” என்று அவர் என்னைக் கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மருமகளும் அறை வாசலிலிருந்து பார்த்தாள். நான் “பாத்துச் சொல்லுறன்” என்றேன்.

இரண்டு அறையின் சுவர், அதற்கு மேல் கூரை, கட்டில், அலுமாரி, இரண்டு பேர், பிறகு பிள்ளை என்று அன்றிலிருந்து மனதில் கூட்டிக்கொண்டே இருந்தேன். அந்தச் சுமைக்குக் கீழே இருந்து என் தங்கை தையல் மெசின் மிதிப்பாள். மாட்டேன் என்று காரணம் சொல்லாமல் தடுக்கலாம். பொருத்தம் குலையும், பழி மறுபடியும் மேசன் மேல் போகும். காரணம் சொன்னால் பொருத்தம் குலையாது என்றும் உறுதி இல்லை. பதினொரு நாள் இப்படிப் போயின.

பன்னிரண்டாம் நாள் மேசன் வீட்டுக்குப் போனேன். இப்போது அவர் தன் வளவில் தெருவோரமாகக் கிணற்றுக்கு இறக்கும் சீமெந்து வளையங்கள் செய்து விற்கிறார். பதினான்கு வளையங்கள் நிழலில் அடுக்கியிருந்தன. மணல் குவியலைத் தறப்பாளால் மூடியிருந்தார். பக்கத்தில் மணல் அலசும் பீப்பா. அவர் ஒரு வளையத்தின் விளிம்பை ஈரச் சாக்கால் மூடிக்கொண்டிருந்தார்.

“வாங்க ஐயா. கிணறு வெட்டப் போறீங்களோ?”

“இல்ல மேசன். ஒரு கதை கதைக்க வந்தன்.”

“அப்ப இரிங்க. வளையத்துல இரிக்காதீங்க, காயல்ல.”

ஒரு கல்லில் உட்கார்ந்து சொன்னேன். மணலை உள்ளே கைவிட்டுப் பார்த்தது, உப்பு என்று தெரிந்தது, வெறும் பையை எண்ணியிருந்தும் வாய் திறக்காமல் இருந்தது. சொல்லி முடிக்க நாலு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் சாக்கை நனைத்து மூடுகிற வேலையை நிறுத்தவில்லை.

“ஐயா, இத எனக்கு என்னத்துக்குச் சொல்லுறீங்க? எனக்குத் தெரியும்தானே. நீங்க முழுங்கினத நான் பாத்தன்தானே.”

“மன்னிப்புக் கேக்க…”

“தெரிஞ்ச ஆளுக்குச் சொல்லுறது லேசு. தெரியாத ஆக்களிட்டப் போய்ச் சொல்லுங்க.” கையைத் துடைத்தார். “உங்கட மச்சான்ட சாவீட்டுக்கு நான் வந்தன், கண்டிங்களா?”

கண்டேன். வேலிக்கு வெளியே நின்றார்.

“உள்ளுக்கு வாங்க எண்டு ஒருத்தரும் சொல்லல்ல. நீங்க பந்தலுக்குக் கீழ கதிரைய எண்ணிக்கொண்டு நிண்டீங்க.”

அன்றைக்கு வாடகைக்கு எடுத்த கதிரை எழுபது. எண்ணிக்கொண்டுதான் நின்றேன்.

நான் எழும்பும்போது அவர் உள்ளே போய் ஒரு சிறிய சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தார். “வாங்க போவம். நீங்க தனியப் போனா வழியில கிறுகித் திரும்பிப் போடுவீங்க. பிளேட்டையும் ஒருக்காத் தட்டிப் பாக்கலாம்.”

அங்கிருந்து தங்கையின் படலை வரை எழுபது வயது மேசனின் நடைக்கு நடந்ததில் நான் எட்டுகளை எண்ண மறந்துபோனேன்.

தங்கை படலையில் அவரைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நின்றாள். “என்ன அண்ணன், ஆர இஞ்ச கூட்டிக்கொண்டு வாறீங்க?”

“பிளேட்டத் தட்டிப் பாக்க.”

“போட்டவரே பாக்க வந்திரிக்காராக்கும்” என்றாள். அவர் காதில் விழத்தான் சொன்னாள்.

மேசன் கதிரையில் ஏறி நின்று தட்டத் தொடங்கினார். நல்ல கொங்கிறீட் மணி மாதிரிக் கேட்கும். உள்ளே கம்பி வீங்கிக் கழன்ற இடம் பூசணிக்காயைத் தட்டின மாதிரிக் கேட்கும். அவர் சத்தம் பொய்க்கிற இடத்தைச் சொல்லச் சொல்ல நான் இன்னொரு கதிரையில் நின்று வெண்கட்டியால் வட்டம் போட்டேன். முப்பத்தொரு வட்டம். கறை பதினேழுதான்; மற்றப் பதினாலும் வெளியே தெரியாமல் கிடந்தவை. மருமகள் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக் கழற்றாமலே வட்டங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மாமா, இவ்வளவும் சீமெந்து களவெடுத்ததாலயா?”

மேசன் கதிரையை விட்டு இறங்கினார். சுத்தியலை மேசையில் வைத்துவிட்டு வாசல்படியில் போய், எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

“சீமெந்து இருபத்தொரு பை” என்றேன். “இருபத்தொண்டும் உள்ளுக்குத்தான் போச்சு. நான் எண்ணினன். அவர் கொண்டு போனது வெறும் பை. அதையும் எண்ணினன். மணல்தான் உப்பு. கழுவித் தாறன் எண்டு அவர் சொன்னவர். நான்தான் விடல்ல. உப்பு எண்டு எனக்குத் தெரியும், நாக்குல வச்சுப் பாத்துப்போட்டுத்தான் போடச் சொன்னன்.”

தங்கை அழுவாள், அல்லது கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் என்ன பதில் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

“அண்ணன்” என்றாள், “இவர்ர பொஞ்சாதி ஒருக்கா வருத்தமாக் கிடக்கக்குள்ள, ஆசுப்பத்திரிக்குப் போற வழியில இந்தப் படலையில நிண்டு தண்ணி கேட்டவ. நான் கதவச் சாத்திப்போட்டன். கள்ளன்ட பொஞ்சாதி எண்டு.”

என் கணக்கில் இருந்தவர்கள் மேசன், தங்கை, நான் மூன்று பேர்தான். இந்தப் பெண்ணை நான் எண்ணவே இல்லை. என் வாய் மூடியிருந்ததால் என் தங்கை தாகத்தோடு வந்த ஒருத்தியை வாசலில் விட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறாள். அது அவள் செய்தது என்று நான் எப்படிச் சொல்வது?

அவள் குசினிக்குள் போனாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, வாசல்படியில் இருந்தவருக்குப் பக்கத்தில் வைத்தாள். “குடிங்க” என்று மட்டும் சொன்னாள். மேசன் செம்பைப் பார்த்தார். எடுத்துக் குடித்தார். பாதி குடித்துவிட்டு, “இந்தக் கிணத்துத் தண்ணி அண்டைக்கும் உப்புச் சவர்தான்” என்றார். என் தங்கை சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. மீதித் தண்ணீர் இருந்த செம்பை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

மருமகள்தான் முதலில் தெளிந்தாள். “மாமா, மாப்பிள்ளை வீட்டாருக்கு நீங்கதான் சொல்ல வேணும். அம்மா சொல்லக் கூடா, நானும் சொல்லக் கூடா. அண்டைக்கு மேசன்ட பேர்தானே இதுக்குள்ள வந்தது, இப்ப உங்கட பேர் வரட்டும்.” என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். “கலியாணம் நிண்டா நிக்கட்டும் மாமா. பிளேட் விழுந்து நிக்கிறத விட நல்லம்.”

போனேன். மாப்பிள்ளையின் தகப்பனுக்கும் தாய்க்கும் முன்னால் இதே சொற்களைச் சொன்னேன். தகப்பன், “சொல்லாம மேல கட்ட விட்டிருந்தா?” என்று கேட்டார். தாய்க்கு என்னோடு முகம் கொடுக்க இன்னும் மனமில்லை, அது நியாயம். கலியாணம் ஆவணியிலிருந்து தைக்குப் போயிருக்கிறது. கூடத்துப் பிளேட்டை உடைத்துப் புதிதாகப் போட்ட பிறகுதான் மேலே அறை என்று முடிவு. மாப்பிள்ளை ஒரு நிபந்தனை போட்டார்: வேலையை அந்த மேசனே நின்று செய்விக்க வேண்டும்.

தேநீர்க் கடைக்கும் போனேன். அந்த நாளில் கதை கேட்ட ஆட்களில் மூன்று பேர்தான் இப்போது உயிரோடு இருக்கிறார்கள். மூன்று பேருக்கும் சொன்னேன். ஒருவர், “அதெல்லாம் பழைய கதை, விடுங்க ஐயா” என்றார். அவருக்கு அது பழையதாகிவிட்டது. ஏறாவூர் பஸ்ஸில் பத்தொன்பது வருடம் போய் வந்தவருக்கு அது எப்போது பழையதாகும் என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

போன வாரம் பழைய பிளேட்டை இரும்பு அலவாங்கால் உடைத்தார்கள். என் சுண்டுவிரல் தடிப்பில் கட்டிய கம்பி சில இடங்களில் குடை ஈர்க்கு அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஒவ்வொன்றையும் பார்த்தேன். எண்ணவில்லை.

நேற்றுக் காலை படுவான்கரையிலிருந்து புது மணல் வந்து இறங்கியது. ஆற்று மணல். பார்க்கவே தெரிந்தது. மேசன் குவியலைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கலவைக்கு வந்த ஆட்களும் தங்கையும் மருமகளும் நின்றார்கள்.

“கைய விடுங்க ஐயா. முழங்கை வரைக்கும்.”

சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கால் போட்டு உள்ளே கையை விட்டேன். மணல் உள்ளே குளிர்ந்திருந்தது. ஒரு பிடி எடுத்து நாக்கில் வைத்துப் பத்து எண்ணினேன். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

“உப்பில்ல” என்றேன்.

“துப்புங்க பாப்பம்.”

துப்பினேன். அவர் அந்த இடத்தைக் குனிந்து பார்த்தார்.

“பொறுப்பு ஆர்ர பொறுப்பு?”

“என்ட பொறுப்பு.”

“போன முறையும் இதத்தான் சொன்னீங்க” என்றார் மேசன். ஆட்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுடவில்லை. சுட்டிருந்தால் நல்லது என்று பட்டது.

குவியலின் இன்னும் நாலு பக்கத்தில் கைவிட்டுப் பார்த்தேன். ஐந்திலும் உப்பில்லை. ஆனாலும் அலசிப் போடுவோம் என்றேன். “ஆத்து மணலையா? ஆரும் கேட்டாச் சிரிப்பாங்க. ரெண்டு நாள் போயிடும் ஐயா” என்றார் அவர். போகட்டும் என்றேன். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு, கோயில் கிணற்றுக்குப் பீப்பா ஏற்றிவர ஆளை அனுப்பினார்.